எந்த ஆபீஸில் சேரலாம் என்று கேட்கும் 3டி பிள்ளைகளுக்கு

இன்னும் கட்டாத கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோல் காட்டுவது நம் தொழில். ஆபீஸில் விஷுவலைசர் என்பார்கள், பில்டர் '3டி போடுறவர்' என்பார், வீட்டில் 'கம்ப்யூட்டர்ல ஏதோ வீடு வரையறான்' என்பார்கள். படிப்பு முடிகிற மே, ஜூன் மாதங்களில் என்னிடம் வருகிற பிள்ளைகள், பி.ஆர்க். முடித்தவரோ விஸ்காம் முடித்தவரோ சிவில் டிப்ளமோவோ, கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த ஆபீஸ்ல சேரலாம்?" சம்பளம் எவ்வளவு, என்ன சாஃப்ட்வேர், சனிக்கிழமை லீவா என்பதையெல்லாம் ஏற்கெனவே விசாரித்திருப்பார்கள். விசாரிக்க மறந்தவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதியது. கோவைக்கும் பெங்களூருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. உங்கள் படம் யார் முன்னால் போய் நிற்கும் என்று கேளுங்கள்.

பார்க்க ஆளில்லாமல் யாரும் நம்மிடம் படம் கேட்பதில்லை. ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட்டேதான் அந்த ஆள். ஜன்னலை ஓரடி இறக்கினால் அறை எப்படி மாறும் என்று தெரிந்துகொள்ள அவருக்குப் படம் வேண்டும். டிசைன் போட்டிகளுக்குப் படம் செய்யும் ஸ்டுடியோவில் பார்ப்பவர்கள் நடுவர்கள். வரிசையாக மாட்டியிருக்கும் பலகைகளைக் கடந்து போகிறவர்களை ஒரு படம் நிறுத்தவேண்டும். பில்டரின் மார்க்கெட்டிங் பிரிவில், ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்க வந்த குடும்பம். மாடுலர் கிச்சன் கம்பெனியில், அட்வான்ஸ் கொடுக்கலாமா வேண்டாமா என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் தம்பதி. வீட்டு முகப்புப் படம் போட்டுத்தரும் எலிவேஷன் கடையில், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டும் மனிதரும் அவருடைய மாமனாரும்.

நாலைந்து வருஷம் ஒரே வகை ஆளுக்குப் படம் போட்டால் கை அப்படியே படிந்துவிடும். நடுவர்களுக்குப் போட்டுப் பழகியவரின் கை நிழலுக்கும் மூட்டத்துக்கும் போகும். பிளாட் வாங்குபவர்களுக்குப் போட்டவரின் கை நீல வானத்துக்கும் வெட்டிவிட்ட புல்லுக்கும் போகும். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பழக்கம் உங்கள் கைக்கு வரட்டும் என்பதை ஆஃபர் லெட்டர் வந்த பிறகு யோசித்துப் பயனில்லை.

நார்வேயின் பெர்கன் நகரத்தில் இருக்கும் மிர் ஸ்டுடியோவின் படங்களைப் பார்த்து மயங்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. நானும் மயங்கியிருக்கிறேன். ஆனால் பெர்கன் ஓயாமல் மழை பெய்கிற ஊர். மங்கல் வெளிச்சமும் ஈரப் பாறையும் அங்கே வாசலிலேயே கிடக்கின்றன. அதே மூட்டத்தை நாவலூர் வில்லா ஒன்றின் மேல் போர்த்திக் கொண்டுவந்த பையனிடம், போகிப் பண்டிகைக் காலையா தம்பி என்றுதான் கேட்க முடிந்தது.

2. முதல் மூன்று வருஷம், உங்கள் படத்தைத் திருத்தும் ஆள் இருக்கும் இடத்தில் இருங்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறக்கச் சொன்னால் இதை வைத்துக்கொள்ளுங்கள். திருத்துவது என்றால் 'இன்னும் கொஞ்சம் ரியலிஸ்டிக்கா பண்ணுங்க' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதைச் சொல்லவில்லை. படத்தை ஏ3 தாளில் எடுத்து, சிவப்புப் பேனாவோடு பக்கத்தில் உட்காருகிற ஆளைச் சொல்கிறேன்.

அப்படி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. வடக்கு வாசல் வீடு, அடையாறில். பையன் போட்ட படத்தில் முகப்பு முழுக்கப் பொன்வெயில், படிக்கட்டில் நீளநீளமாய் நிழல். பார்க்க அழகு. படத்தின் மூலையில் டிசம்பர் என்றும் எழுதியிருக்கிறான். மூத்தவர் கேட்டார்: "மார்கழியில வடக்குச் சுவர்ல வெயில் எங்கப்பா வந்துச்சு?" சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் விழும். நடுப்பகலிலும் தெற்கே சாய்ந்து ஐம்பத்து மூன்று டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கு முகப்புக்கு நேர் வெயில் கிடையவே கிடையாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே தாண்டும். அப்போதும் வடக்குச் சுவரில் வெயில் ஒழுங்காகப் படுவது காலையிலும் மாலையிலும்தான். பையன் அழகாக இருக்கும் என்று சூரியனைக் கையால் நகர்த்தியிருக்கிறான். மூத்தவர் அதோடு விடவில்லை. "வெயில் இல்லாத முகப்பை அழகாக் காட்டு பார்ப்போம்" என்றார். அன்று சாயங்காலம் அவன் கற்றுக்கொண்டது நிழலுக்குள் வரும் வானத்து ஒளியை, எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை. எந்த டுடோரியலிலும் இதை இப்படி உட்காரவைத்துச் சொல்லித்தரமாட்டார்கள்.

ஆகவே இன்டர்வியூவில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "கிளையன்ட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி என் படத்தை யார் பார்ப்பாங்க?" ஒரு பெயரைச் சொன்னால் அவரைச் சந்திக்க முடியுமா என்று கேளுங்கள். 'நீங்களே டைரக்டா அனுப்பிடலாம், நாங்க ஃபுல் ஃப்ரீடம் கொடுப்போம்' என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துகொள்ளுங்கள். கற்றுக்கொள்ளும் வயதில் அந்த ஃப்ரீடம் சம்பளத்தில் பிடித்தம் மாதிரி. கையில் குறைவது பிறகுதான் தெரியும்.

3. ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்.

சம்பளம் குறைவு. பெரும்பாலான இடங்களில் நீங்கள் '3டி பையன்' அல்லது '3டி பொண்ணு'; டிசைன் மீட்டிங்குக்குக் கூப்பிடமாட்டார்கள். ஆனால் ட்ராயிங் படிக்க வேறெங்கும் இப்படி வராது. செக்ஷனில் பீம் எங்கே இறங்குகிறது, சன்ஷேடு எத்தனை அங்குலம், கைப்பிடிச் சுவர் ஏன் அந்த உயரம் என்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நீங்கள் படமாகப் போட்ட கட்டடம் எழும்புவதையும் பார்க்கலாம். எக்ஸ்போஸ்டு கான்கிரீட் என்று கம்ப்யூட்டரில் வழவழவென்று ஒட்டிய டெக்ஸ்சரைச் சைட்டில் ஷட்டரிங் பலகை பிரித்தபின் ஒருமுறை பாருங்கள். அப்புறம் நீங்கள் ஒட்டும் கான்கிரீட்டே வேறாக இருக்கும்.

ஒரே ஆர்க்கிடெக்ட்டிடம் வாழ்நாள் முழுக்க இருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் சொல்வேன். லண்டனில் சர் ஜான் சோனின் கட்டடங்களை ஓவியமாக வரைந்தவர் ஜோசப் கேண்டி. சோன் கட்டிய பேங்க் ஆஃப் இங்கிலாந்தை, மேலிருந்து பார்க்கும் இடிபாடு போல அவர் வரைந்து 1830-ல் காட்சிக்கு வைத்த படத்தை இன்றும் கட்டடக்கலை மாணவர்கள் பார்க்கிறார்கள். அபாரமான கை. ஆனால் பிழைப்பு கடைசிவரை சோனின் கையில்தான் இருந்தது. தனியாகத் தொழில் நடத்தப் பார்த்து, கடனுக்குச் சிறைக்கும் போனார். நியூயார்க்கில் ஹ்யூ ஃபெரிஸ், படித்தது கட்டடக்கலை. அவர் யாரோ ஒருவருக்கு மட்டும் என்று இல்லாமல் பல ஆர்க்கிடெக்டுகளுக்கும் வரைந்தார். 1916-ல் வந்த நியூயார்க் கட்டட விதிகள் வானளாவிகளை எப்படிப் படிப்படியாகச் செதுக்கும் என்று 1922-ல் அவர் வரைந்த கரிக்கோல் படங்களைப் பார்த்து, ஆர்க்கிடெக்டுகளே விதியைப் புரிந்துகொண்டார்கள். இரண்டு பேருமே பெரிய கலைஞர்கள். நான் பார்த்தவரை, ஒரே ஆளிடம் நாலு வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு அந்த ஆளின் ருசி ஒட்டிக்கொள்கிறது. பங்கும் பெயரும் தராத இடத்தில் அதற்குமேல் எதற்கு?

4. விஷுவலைசேஷன் ஸ்டுடியோ.

வேகம் வேண்டும் என்றால் இங்கே போங்கள். ஃபைலுக்குப் பெயர் வைப்பதிலிருந்து ரெண்டர் லேயர் பிரிப்பதுவரை ஒழுங்கு வரும். ஒரே ஒரு கண்ணி: வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துவைத்திருக்கும் ஸ்டுடியோக்களில் ஒருவர் மாடலிங், ஒருவர் லைட்டிங், ஒருவர் போட்டோஷாப். இரண்டு வருஷம் மரமும் புல்லும் மட்டும் நட்டுவிட்டு வெளியே வந்த பையனை எனக்குத் தெரியும். போர்ட்ஃபோலியோவில் 'இது நான் செய்தது' என்று காட்ட அவனுக்கு ஒரு முழுப் படம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொடுப்பார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது. அங்கேயே இருப்பவர் ஒருவரிடம் தனியாக விசாரியுங்கள்.

5. பில்டரின் மார்க்கெட்டிங் பிரிவு, அல்லது பில்டருக்கு விளம்பரம் செய்யும் ஏஜென்சி.

இங்கே சம்பளம் மற்ற இடங்களைவிடச் சற்று மேல். வேலை நிற்காது. நல்ல பில்டரிடம் சேர்ந்தால் கட்டடத் தொழிலின் கணக்கு வழக்கே புரிந்துவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பத்துக்குப் பதினொன்று படுக்கையறை. அதில் ஐந்தடிக்கு ஆறரையடிக் கட்டில் போட்டால் பக்கத்தில் நடக்க இடம் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். மார்க்கெட்டிங் ஆள் வந்து "ரூம் சின்னதாத் தெரியுதே" என்பார். முதலில் கேமராவைச் சுவருக்கு வெளியே நகர்த்தி, லென்ஸை அகலமாக்கி, சுவரை வெட்டச் சொல்வார். அதிலும் போதவில்லை என்றால் கட்டிலை 85 சதவீதத்துக்குச் சுருக்கச் சொல்வார். தலையணையையும் கூடவே சுருக்கவேண்டும், இல்லையென்றால் காட்டிக்கொடுத்துவிடும். வெளியே வந்தால் எதிரே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரை எடு, பக்கத்து மொட்டைமாடித் தண்ணித்தொட்டியை எடு, காலி மனையில் பூங்காவை வை. நட்ட அன்றே இருபது வருஷ வேம்பு நிற்கும்.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை, எல்லாரும் ரெரா என்கிறோமே அதை, பில்டர்களின் சமாசாரம் என்று தள்ளிவைக்காதீர்கள். அதன் 12-ஆம் பிரிவு, விளம்பரத்திலோ விளக்கப் புத்தகத்திலோ மாடல் ஃபிளாட்டிலோ காட்டியதை நம்பி அட்வான்ஸ் கொடுத்தவர், அதில் இருந்த பொய்யால் நஷ்டப்பட்டால், பில்டர் ஈடு கட்டவேண்டும் என்கிறது. வேண்டாம் என்று விலக நினைத்தால் போட்ட பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும். சட்டம் பிடிப்பது பில்டரைத்தான், படம் போட்ட உங்களை இல்லை. ஆனால் வீடு வாங்கியவர் கையில் வைத்துக்கொண்டு காட்டப்போவது உங்கள் படத்தை. 'ஆர்ட்டிஸ்ட்ஸ் இம்ப்ரெஷன்' என்று மூலையில் எறும்பு எழுத்தில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற ஆபீஸில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

எல்லா பில்டரும் இப்படி இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அவர்கள் ஏற்கெனவே முடித்துக் கொடுத்த ஒரு கட்டடத்தின் பழைய பிரவுச்சரைத் தேடி எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தின் முன் போய் நில்லுங்கள். பால்கனிக் கம்பி, மரம், ரோட்டு அகலம் மூன்றையும் ஒப்பிட்டால் போதும்.

6. எலிவேஷன் கடையை ஏளனம் செய்யாதீர்கள்.

மதுரையிலும் திருச்சியிலும் சேலத்திலும் முதல் வேலை பலருக்கு இங்கேதான். ஒரு நாளைக்கு ஒரு எலிவேஷன், சில நாள் இரண்டு. ஸ்கெட்ச்அப்பில் மாடல், லூமியனில் ரெண்டர், அடுத்த வீடு. காசு சொற்பம். ஆனால் வீடு கட்டுபவர் குடும்பத்தோடு உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் 'கொஞ்சம் கிராண்டா' என்றால் என்ன, மனைவி 'சிம்பிளா' என்றால் என்ன, ஈசானிய மூலையில் படிக்கட்டைப் பார்த்ததும் மாமனார் முகம் ஏன் மாறியது என்று புரிந்துகொள்ள அங்கே ஒரு வருஷம் போதும். அந்த ஒரு வருஷம் முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். இரண்டாம் வருஷமும் அதே முப்பதடி முகப்பு, அதே கல் டைல், அதே ஸ்பாட் லைட்தான்.

7. வெளிநாட்டு வேலை செய்யும் சென்னை ஆபீஸ் என்றால், கடிகாரத்தைப் பாருங்கள்.

சிட்னி நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னே. அவர்களுடைய கோடையில் ஐந்தரை. நீங்கள் காலையில் சிஸ்டத்தைத் திறக்கும்போதே கமென்ட் காத்திருக்கும், மாலைக்குள் அவர்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள், நீங்களும் போகலாம். லண்டன் பின்னே. அவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பும் கமென்ட் நமக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வரும். நியூயார்க் ஒன்பதரை, பத்தரை மணி நேரம் பின்னே. அவர்கள் தூங்கும்போது நாம் விழித்திருப்போம் என்பதால் 'ராத்திரியோடு ராத்திரியாக முடித்துக்கொடுக்கிறோம்' என்றுதான் பல ஆபீஸ்கள் தங்களை விற்கின்றன. அதை முடித்துக்கொடுப்பது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் வண்டி ஏற்பாடு உண்டா, எத்தனை மணிவரை என்பதை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்றால் நினைத்துக்கொள்ளட்டும்.

சேரும் முன் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த ஆபீஸ் கீழே இருக்கிற டீக்கடைக்குப் போங்கள். எந்த மாடியில் விளக்கு எரிகிறது, யார் இறங்கி வருகிறார்கள், வருபவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு டீ குடிக்கும் நேரம் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இந்த ஆபீஸ்களில் பெரிய லாபம் ஒன்று உண்டு: வெளிநாட்டு ஆர்க்கிடெக்டுகளின் கமென்ட் தெளிவாக இருக்கும். படத்தின் மேலேயே வட்டமிட்டு, எண் போட்டு, 'இந்த மூட்டு நிழல்கோடாக வரவேண்டும்' என்று எழுதுவார்கள். நஷ்டம், அந்தத் தெருவை நீங்கள் மிதித்திருக்கமாட்டீர்கள். லண்டன் செங்கல்லின் அளவும் அடுக்கும் சாந்தின் நிறமும் வேறு. கூகுள் தெருக்காட்சியில் அந்தத் தெருவை நடந்து பார்க்காமல் மாடலைத் தொடாதீர்கள்.

8. துபாய் ஆஃபர் வந்தால்.

போகலாம். பெரிய திட்டங்கள், பெரிய பட்ஜெட், நல்ல மெஷின். ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து அம்மாவுக்கு போன் போடும் முன், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். அங்கே வேலை முடிந்து கிளம்பும்போது தரும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடப்படுகிறது. ஒரு வருஷம் முடித்திருக்க வேண்டும். முதல் ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். அடிப்படையைக் குறைத்து அலவன்ஸாக ஏற்றியிருந்தால் அடி அங்கேதான் விழும். சோதனைக்காலம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. விசா செலவை உங்களிடம் கேட்பவரும், பாஸ்போர்ட்டை வாங்கி டிராயரில் வைத்துக்கொள்பவரும் அந்த நாட்டுச் சட்டத்தை மீறுகிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு எவ்வளவு பெரிய கோபுரமாக இருந்தாலும் போகவேண்டாம்.

9. சாஃப்ட்வேரைப் பார்த்து ஆபீஸைத் தேடவேண்டாம்.

"நான் கொரோனாதான் சார், வி-ரே ஆபீஸ் வேண்டாம்" என்றான் ஒருவன். ப்ராக் நகரத்தில் பிறந்த கொரோனாவை, வி-ரே செய்யும், பல்கேரியாவில் தொடங்கிய கம்பெனி கேயாஸ் 2017-லேயே வாங்கிவிட்டது. 2022-ல் என்ஸ்கேப்பும் அதோடு சேர்ந்தது. ட்வின்மோஷன் 2019-ல் எபிக் கைக்குப் போனது. இன்று படித்த பட்டன் நாளை வேறிடத்தில் இருக்கும்.

ஆனால் லைசென்ஸைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஆபீஸ் முழுக்க 'கிராக்' போட்டு ஓட்டும் இடங்கள் நம் ஊரில் குறைவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாளிலிருந்து மூன்று வருஷம்வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம்வரை அபராதம் என்கிறது. 'பயன்படுத்துபவர்' என்று எழுதியிருக்கிறது. முதலாளி மட்டும் என்று எழுதவில்லை. படிக்கும் காலத்தில் ஆட்டோடெஸ்க் இலவசமாகக் கொடுத்த மாணவர் லைசென்ஸில் ஆபீஸ் வேலை செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். வாங்க முடியாத சின்ன ஆபீஸ் பிளெண்டரில் வேலை செய்தால் அதை மரியாதையாகப் பாருங்கள். அது இலவசம், கையும் சுத்தம்.

10. டெஸ்ட், சர்டிபிகேட், பி.எஃப்.

ஒரு வியூ, ஒரு நாள் டெஸ்ட் நியாயம். ட்ராயிங்கின் ஓரத்தில் வேறு கிளையன்ட்டின் பெயரும் தேதியும் இருந்தால் அது டெஸ்ட் கிடையாது, ஓசி வேலை. ஒரே வாரத்தில் எட்டுப் பேரைக் கூப்பிட்டு எட்டு வியூ வாங்கி ப்ராஜெக்ட்டை முடித்த ஆபீஸும் உண்டு.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை எவரிடமும் கொடுக்காதீர்கள். எந்தக் காரணமும் வேண்டாம். இருபது பேருக்கு மேல் இருக்கும் ஆபீஸில் பி.எஃப். பற்றிக் கேட்டதும் 'அதெல்லாம் கையில வர்றது குறைஞ்சிடும்பா' என்று அக்கறையாகச் சொன்னால், அக்கறை யார் மேல் என்று யோசியுங்கள்.

11. படம் யாருடையது என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியராக நீங்கள் போட்ட படத்தின் முதல் உரிமையாளர் உங்கள் முதலாளி. பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே போர்ட்ஃபோலியோவில் காட்ட அனுமதி உண்டா, ப்ராஜெக்ட் வெளியான எத்தனை மாதம் கழித்து, என்ன பெயர்க்குறிப்போடு என்று ஒரு வரி மெயிலில் வாங்கிவிடுங்கள். வேலையை விடும்போது கேட்டால் கிடைக்காது. சேரும்போது கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், ஏனென்றால் அப்போது அவர்களுக்கு ஆள் வேண்டும்.

பெயர்க்குறிப்பு எதற்கு என்பவர்கள் மேரியன் மஹோனி கிரிஃபினைப் பற்றித் தேடிப் பாருங்கள். ஃப்ராங்க் லாயிட் ரைட்டுக்கு ஐரோப்பாவில் பெயர் வாங்கிக்கொடுத்தது 1910-ல் பெர்லினில் வெளியான படத்தொகுப்பு. அதிலிருந்த புகழ்பெற்ற வரைபடங்கள் பலவும் அந்த அம்மாள் கைவரிசை. அவர் பெயர் பரவலாகப் பேசப்பட எத்தனையோ காலம் ஆனது.

12. ஃப்ரீலான்ஸ்.

முதல் வேலையாக வேண்டாம். திருத்த ஆளில்லை என்பது ஒன்று. ரேட் தெரியாது என்பது இன்னொன்று. ஒரு வியூவுக்கு எத்தனை ரிவிஷன் என்று எழுதி வாங்காமல் ஆரம்பித்தால் பதினோராவது ரிவிஷனில் சோபா நிறம் மீண்டும் முதல் நிறத்துக்கே திரும்பும். நாலைந்து வருஷம் கழித்துப் போனால் பாதிப் பணம் முன்பணம், இரண்டு ரிவிஷன், பெரிய அளவுப் படம் முழுப்பணம் வந்தபின் என்ற மூன்றையும் கைவிடாதீர்கள். வெளிநாட்டு வேலை சேரச்சேர ஒரு ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண்டு வரவு இருபது லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், வெளிநாட்டுக்குச் செய்யும் வேலைக்கு அந்த வரியைக் கட்டாமலிருக்க வழியும் உண்டு. அதை யூடியூபில் கற்காதீர்கள்.

13. ஏ.ஐ. பற்றி.

எல்லாரும் பயந்துபோய்க் கேட்கிறார்கள். 2022-ல் மிட்ஜர்னி வந்த பிறகு, கான்செப்ட் மீட்டிங்குக்கு ஒரு மூடு படம் வேண்டும் என்றால் ஆர்க்கிடெக்டே தட்டி எடுத்துக்கொள்கிறார். அந்த வேலை நம்மைவிட்டுப் போய்விட்டது, திரும்பி வராது. ஆனால் ப்ளானில் இருக்கும் நாலடி ஆறங்குல ஜன்னல் படத்திலும் நாலடி ஆறங்குலமாக இருக்கவேண்டும், ஜன்னலை மட்டும் மாற்றினால் மற்றது எதுவும் நகரக்கூடாது, அடுத்த வியூவிலும் அதே ஜன்னல் அதே இடத்தில் இருக்கவேண்டும் என்னும் வேலை இன்னும் மாடலைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் வருகிறது. ட்ராயிங் படிக்கத் தெரிந்தவருக்குப் பயம் குறைவு. ஆகையால் இன்று இடம் தேடுபவர்களுக்கு 3-ஆம் எண்ணை இன்னொரு தரம் படிக்கச் சொல்வேன். ஏ.ஐ.யைத் தொடவே கூடாது என்னும் ஆபீஸும் வேண்டாம், மாடலிங் இனி எதற்கு என்னும் ஆபீஸும் வேண்டாம்.

14. இன்டர்வியூவுக்குக் கொண்டுபோக வேண்டியது.

இருபது படம் வேண்டாம், ஆறு போதும். அதில் ஒன்றுக்கு மட்டும் வெள்ளை மாடல், போட்டோஷாப் தொடாத ரெண்டர், முடிந்த படம் மூன்றையும் வரிசையாக வையுங்கள். எதிரே இருப்பவர் எந்தப் படத்தில் நின்று பேசுகிறார் என்று கவனியுங்கள். வெள்ளை மாடலைக் கையில் எடுத்து, "இந்த வெளிச்சம் எங்கிருந்து வருது?" என்று கேட்டால் சம்பளம் ஐயாயிரம் குறைவாக இருந்தாலும் அங்கே சேரலாம். முடிந்த படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இது எத்தனை மணி நேரத்துல முடிச்சீங்க?" என்று கேட்டால், அங்கே நீங்கள் அடிக்கடி கேட்கப்போவதும் அந்தக் கேள்வியைத்தான்.

15. கிளம்பும்போது.

நோட்டீஸ் காலத்தை முழுசாக முடியுங்கள். சீன் ஃபைலில் டெக்ஸ்சர் பாதை எல்லாம் ஒட்டியிருக்கிறதா என்று வேறொரு மெஷினில் திறந்து பார்த்துவிட்டு ஒப்படையுங்கள். ஆபீஸ் லைப்ரரியைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். புது இடத்தில் அந்தச் செடியை, அந்த நாற்காலியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.